ஏரியின் இயல்பு அளவு

சுற்றுச்சூழல் துறையில் எல்லாருக்கும் அவள் பாட்டில் அக்கா. துறைத் தலைவருக்கும் அப்படித்தான், வாசல் காவலாளிக்கும் அப்படித்தான். சம்பளப் பட்டியலில் கள உதவியாளர் என்று போட்டிருக்கும். அதை யாரும் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. இருபத்திரண்டு வருடமாகப் புதன்கிழமை தோறும் கண்ணாடிப் பாட்டில்கள் அடுக்கிய மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? பெயரைப் பற்றி அவளுக்கு மனத்தாங்கல் இல்லை. அந்தப் பாட்டிலுக்குள் என்ன இருந்தது என்று அந்தக் கட்டடத்தில் ஒருத்தரும் கேட்பதில்லையே, அதில்தான் அவளுக்கு எரிச்சல்.

ஏரித் தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. கேட்பதற்கு என்னவோ சுலபமாகத்தான் இருக்கும். செய்து பார்த்தால்தான் தெரியும் சங்கதி. காலை ஆறரை மணிக்குப் படகு நடு ஏரியில் நிற்க வேண்டும். குழாயைத் தண்ணீருக்குள் இறக்கி, பாட்டிலின் அடியிலிருந்து மெதுவாக நிரப்பி, வழிய வழிய விட்டு மூட வேண்டும். உள்ளே கடுகளவு காற்றுக்குமிழி தென்பட்டாலும் கொட்டிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். பிறகு அந்த இடத்திலேயே, படகு ஆடினாலும் மழை பெய்தாலும், இரண்டு மருந்தைப் பாட்டிலின் அடியில் விட்டு மூடி, தலைகீழாகப் பத்து முறை திருப்ப வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் உள்ளே பழுப்பு நிறத்தில் திப்பி திப்பியாகப் படியும். இல்லாவிட்டால் வெள்ளையாக நிற்கும். மருந்து விட்டாயிற்று என்றால் ஆக்சிஜன் அப்படியே கட்டுண்டுவிடும், ஆய்வகத்துக்கு வந்து சாவகாசமாக அளந்துகொள்ளலாம். மருந்து விடாமல் கொண்டுவந்தால் அது வெறும் தண்ணீர். அதை வைத்துக் கை கழுவலாம், அவ்வளவுதான்.

அவள் வேலைக்குச் சேர்ந்த வருடம் அளவு எட்டு. லிட்டருக்கு எட்டு மில்லிகிராம். அன்றைக்குப் பாட்டிலில் விழுந்த பழுப்பு காப்பித்தூள் மாதிரி அடர்ந்து இருக்கும். வடகரையில் சாயப்பட்டறை வந்தது, அதன் கழிவுக் கால்வாய் ஏரிக்குள் திரும்பியது. எட்டு ஏழாயிற்று, ஏழு ஐந்தாயிற்று. நாலுக்குக் கீழே வந்ததும் மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாயைப் பிளந்து கிடந்தன. கடைசியாக இரண்டில் வந்து நின்றது. இத்தனையும் புதன்கிழமைக்கு ஒரு பக்கமாகக் களப் புத்தகங்களில் அவள் கையெழுத்துடன் இருந்தது. மொத்தம் பதினொரு புத்தகம். கல்யாணத்துக்குப் போகாமல், காய்ச்சலிலும் போர்த்திக்கொண்டு போய் எழுதியவை. அம்மா இறந்த வாரம்கூடக் காரியம் முடித்த கையோடு படகேறினாள் என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் குத்திக்காட்டுவார்கள்.

துறையில் பேராசிரியர் ஒருவர். விழாவுக்கு விழா பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வருவதால் மாணவர்கள் அவரைப் பச்சைச்சட்டை என்பார்கள். உயிர்க்கோளம், நீடித்த நிலைத்தன்மை என்று ஆரம்பித்தார் என்றால் கேட்கிறவனுக்குக் கண் கலங்கும், அத்தனை அழகாகப் பேசுவார். நல்ல மனிதர்தான், யாரையும் கடிந்து பேசமாட்டார். ஆனால் பாருங்கள், ஏரி நாற்றம் வகுப்புக்குள் வருகிறது என்று ஜன்னலை எல்லாம் சாத்தச் சொல்லிவிட்டுத்தான் உயிர்க்கோளத்தை ஆரம்பிப்பார். ஜன்னலைச் சாத்துகிற வேலையும் பாட்டில் அக்காவுக்குத்தான்.

அவருக்கு ஒரு திட்டம் கிடைத்தது. தெப்பங்களில் செடி வளர்த்து ஏரியில் மிதக்கவிட்டால் வேர்கள் அழுக்கை உறிஞ்சிவிடும், ஏரி தானே தேறிவிடும் என்பது திட்டம். தெப்பத்துக்கான செலவைச் சாயப்பட்டறையே ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொள்ளாமல் என்ன செய்வார்கள்? கால்வாயை அடைப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகம் ஒரு குழுவைப் போட்டிருந்தது. ஏரி தேறிவிட்டால் கால்வாயை எதற்கு அடைக்க வேண்டும்?

தெப்பம் விட்ட மாதத்திலேயே பாட்டில் அக்காவுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. மூன்று மாதம் ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவளுக்கு வயிற்று வலியைவிடப் புதன்கிழமைதான் வலித்தது. பதிலுக்குப் போனவள் பேராசிரியரிடம் ஆய்வு செய்துகொண்டிருந்த மாணவி. தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் சோடாபுட்டி என்று பெயர். பாட்டிலும் சோடாபுட்டியும் சேர்ந்தால் கடையே வைக்கலாம் என்று துறையில் ஒரு கேலி உண்டு. அந்தப் பெண் அதுவரை கணினியில்தான் ஏரியைப் பார்த்திருந்தாள். படகில் ஏறியது கிடையாது. ஆனாலும் தங்கமான பெண். ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை வந்து பார்த்தாள், பழம் உரித்துக் கொடுத்தாள்.

மூன்றாம் மாதக் கடைசியில் சோடாபுட்டி களப் புத்தகத்தோடு வீட்டுக்கே வந்தாள். பதிமூன்று புதன்கிழமைகளுக்கும் தேதி, நேரம், இடம், பாட்டில் எண் எல்லாம் குண்டு குண்டாக எழுதியிருந்தாள். அளவுகள் ஆய்வகப் புத்தகத்தில் இருந்தன. அடியில் கள உதவியாளர் கையெழுத்துக்கான கட்டம் பதிமூன்று பக்கத்திலும் காலி.

“நான் வரலையேம்மா. நான் எப்படிப் போடறது?”

“சும்மா ஒரு ஒப்புக்குத்தான் அக்கா. நான் ஸ்டாஃப் இல்லையே, என் கையெழுத்து செல்லாதாம். கையெழுத்து இல்லன்னா பதிமூணு வாரத்தையும் கணக்குல எடுத்துக்க மாட்டாங்களாம்.”

“அப்ப அது காலியாவா நிக்கும்?”

“ஆமாக்கா. மூணு மாசம் டேட்டா இல்லன்னு வந்துரும்.”

இந்த ஒரு வார்த்தையில்தான் அவள் விழுந்தாள். வேறு யாராக இருந்தாலும் போகட்டும் என்று விட்டிருப்பார்கள். இருபத்திரண்டு வருடம் ஒரு புதன்கூட விடாதவளுக்குப் பதிமூன்று ஓட்டைகளை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பெற்ற பிள்ளைக்குப் பல் விழுந்ததுபோல மனசு பதறியது. உள்ளே இருந்து அவள் வீட்டுக்காரர், “படிச்சுப் பாத்துப் போடு” என்று குரல் கொடுத்தார். படித்துப் பார்த்தாள். தேதி எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பதிமூன்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள், அந்தப் பெண்ணுக்கு டீயும் போட்டுக் கொடுத்தாள்.

வேலைக்குத் திரும்பிய முதல் புதன்கிழமை படகில் பாட்டிலைத் திருப்பினாள். வெள்ளை. தெப்பம் விட்டு மூன்று மாதமாகியும் இப்படியா, மருந்துதான் கெட்டுவிட்டதோ என்று புது மருந்து எடுத்துப் பார்த்தாள். மறுபடியும் வெள்ளை, ஓரத்தில் லேசாக ஒரு மஞ்சள், அவ்வளவுதான். ஆய்வகத்தில் அளந்தபோது ஒன்று புள்ளி ஒன்பது வந்தது. அப்படியே நடைக்கூடத்துக்கு வந்தால் ஆளுயரத்துக்கு ஒரு சுவரொட்டி. பேராசிரியரின் சிரித்த முகம், தெப்பம், செடி, கீழே கொட்டை எழுத்தில்: ஏரி மீண்டது, ஆக்சிஜன் ஆறு புள்ளி நான்கு.

அவள் நேரே சோடாபுட்டியைத் தேடிப் போனாள்.

“தண்ணிய எப்படி எடுத்தே?”

“நீங்க எடுக்கற எடத்துலதான் அக்கா.”

“எடம் கேக்கல. எப்படி எடுத்தே? மருந்து எங்க விட்டே?”

“படகுல கை நடுங்குதுக்கா. அந்த மருந்து கண்ணுல தெறிச்சா என்ன பண்றதுன்னு பயம். அதான் கேன்ல புடிச்சிட்டு வந்து, இங்க லேப்ல பாட்டில்ல ஊத்திக் கலந்தேன்.”

“கேன் நெறயவா புடிச்சே?”

“பாதி. முழுசாத் தூக்க முடியல.”

படகு நிற்கும் அக்கரையிலிருந்து துறைக்குக் காரில் சுற்றி வர நாற்பது நிமிடம். ரோடு முழுக்கப் பள்ளம். பாதி கேன் தண்ணீர், பாதி கேன் காற்று, நாற்பது நிமிடமும் குலுங்கிக் குலுங்கி வந்திருக்கிறது. காற்றில் இருக்கிற ஆக்சிஜனை அந்தத் தண்ணீர் வயிறு முட்டக் குடித்திருக்கும். சாக்கடைத் தண்ணீரை அப்படிக் குலுக்கினாலும் ஆறு காட்டும்.

“நீ அளந்தது ஏரி இல்லம்மா. கார்ல அடிச்ச காத்து.”

சோடாபுட்டியின் முகத்தில் ஈயாடவில்லை. அவளுக்கும் ஒரு மாதம் முன்பே சந்தேகம் வந்திருக்கிறது. ஆனால் ஆறு புள்ளி நான்கைப் பார்த்ததும் பேராசிரியர் எழுந்து நின்று கை கொடுத்தாராம். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது? அடுத்த மாதம் அவளுடைய ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு வேறு. அழுதாள். பாட்டில் அக்காவுக்கு அவளைத் திட்டவும் வாய் வரவில்லை, தேற்றவும் வாய் வரவில்லை.

அவள் போய்ச் சொன்ன முழுவதையும் பேராசிரியர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு அலமாரியைத் திறந்து களப் புத்தகத்தை எடுத்து அவள் முன்னால் விரித்து வைத்தார்.

“இது யார் கையெழுத்தும்மா?”

“என்னுதுதான் சார்.”

“பதிமூணு பக்கத்துலயும் நீங்க கூட இருந்ததா கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்ப ஏரிக்கே போகலைங்கறீங்க. அப்ப இது பொய்க் கையெழுத்து. சரி, வச்சுக்குவோம். ஆனா நாளைக்கு ஒருத்தன் கேப்பான், இருபத்திரண்டு வருஷத்துல இன்னும் எத்தனை பக்கம் இப்படின்னு. நான் என்ன பதில் சொல்லட்டும்?” குரல் ரொம்பக் கனிவாக இருந்தது. “உங்க உழைப்பு வீணாகக் கூடாதுன்னுதான் சொல்றேன். ஒரு மூணு மாசம். விட்டுடுங்க. அடுத்த வருஷம் அளவு தானா கீழ வரும், பருவநிலைன்னு ஒரு வரி எழுதிக்கலாம்.”

அந்த ஆள் மிரட்டியிருந்தால்கூட அவளுக்கு இத்தனை வயிறு எரிந்திருக்காது. கணக்கு அவளுக்கும் புரிந்தது. வாயைத் திறந்தால் அவளுடைய பதினொரு புத்தகமும் சந்தேகத்துக்குள்ளாகும். திறக்காவிட்டால் ஆறு புள்ளி நான்கு குழுவின் மேசைக்குப் போகும், கால்வாய் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டில் எது போனாலும் போகப்போவது அவளுடையதுதான்.

அவள் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாவற்றிலும் ஒரு நக்கல் பேச்சு உண்டு. அன்றைக்கு நக்கல் எதுவும் இல்லாமல் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் பேசினார்.

“ஒரு டிரிப் ஷீட்ல பொய்யின்னு தெரிஞ்சாப் போதும், சர்வீஸ் முழுக்க நோண்டுவானுங்க. நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன். உனக்கு எதுக்கு இந்த வேலை? ஏரி என்ன உங்க அப்பா சொத்தா?”

“சொத்தா இருந்தா வித்துட்டுப் போயிருப்பேனேங்க.”

“அந்தப் பொண்ணு போய்ச் சொல்லட்டும். தப்புப் பண்ணது அவதானே?”

“அவ தப்பா அளந்தா. நான் பாக்காததைப் பாத்தேன்னு எழுதினேன். எது பெருசு, நீங்களே சொல்லுங்க.”

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். பிறகு, “சொல்றதா இருந்தா முழுசாச் சொல்லு, பூசி மெழுகாத” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

குழு கூடிய அறையில் நீள மேசை. தலைமையில் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் பெண் அதிகாரி ஒருவர். ஒரு பக்கம் பேராசிரியரும் சோடாபுட்டியும், எதிர்ப்பக்கம் சாயப்பட்டறை மேலாளர். பாட்டில் அக்காவை அழைத்திருந்தது பழைய களப் புத்தகங்களைச் சுமந்து வந்து வைக்கத்தான். வைத்தாள். வைத்துவிட்டு வெளியே போகாமல் அங்கேயே நின்றாள்.

“மேடம், இந்தக் கடைசி மூணு மாசத்து அளவு தப்பு. அதுல இருக்கற கையெழுத்து என்னுது. ஆனா நான் ஏரிக்குப் போகல. ஆபரேஷன் பண்ணிப் படுத்திருந்தேன். தண்ணியக் கேன்ல குலுக்கிக் கொண்டாந்து அளந்திருக்காங்க. போன வாரம் நான் எடுத்தது ஒண்ணு புள்ளி ஒம்போது. வேணும்னா நாளைக்கு நீங்களே படகுல வாங்க, கண்ணு முன்னால எடுத்துக் காட்டறேன்.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “பின்ன ஏன் கையெழுத்துப் போட்டீங்க?”

“இடையில காலியா நிக்கக் கூடாதுன்னு போட்டேன் மேடம்.”

“இதுக்கு முன்னாடி இப்படிப் போட்டதுண்டா?”

“இல்ல மேடம். ஒரு பக்கம்கூட இல்ல.”

“அதை நான் எப்படி நம்பறது?”

அவள் புத்தகங்களைக் கை காட்டினாள். மேசை மேல் பதினொரு புத்தகமும் இருந்தன. ஏரிக்கரையில் நனைந்து உப்பிப்போன அட்டைகள், மருந்து பட்டுப் பழுப்பேறிய ஓரங்கள். அதிகாரி ஒன்றை எடுத்து நாலு பக்கம் புரட்டிவிட்டு மூடினார். எல்லாப் பக்கத்திலும் ஒரே கையெழுத்துத்தான், அந்தப் பதிமூன்று பக்கத்தில் இருந்ததைப் போலவே. சாயப்பட்டறை மேலாளர் மட்டும் சட்டென்று ஒரு தாளில் எதையோ குறித்துக்கொண்டார். சோடாபுட்டி தலை குனிந்தவள் நிமிரவே இல்லை.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அவளுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கைக் கடிதம், துறைக்கு ஒரு முடிவுக் கடிதம். களப் பதிவுகளின் நம்பகத்தன்மை ஐயத்துக்குரியதாக இருப்பதால், கடைசி மூன்று மாதங்கள் உட்பட இருபத்திரண்டு ஆண்டுப் பதிவுகள் அனைத்தும் விலக்கப்படுகின்றன. ஒப்பிட்டுப் பார்க்க ஏற்கத்தக்க பழைய அளவுகள் இல்லாத நிலையில் கழிவுக் கால்வாய் பற்றிய முடிவு ஒத்திவைக்கப்படுகிறது. இந்த ஆண்டையே அடிப்படை ஆண்டாகக் கொண்டு புதிதாக அளவெடுப்பு தொடங்கும்.

எத்தனை நாசூக்கான ஏற்பாடு, பாருங்கள். பொய்யான மூன்று மாதமும் போயிற்று, மெய்யான இருபத்திரண்டு வருடமும் போயிற்று. ஏரி எட்டில் இருந்தது என்பதற்கும் அத்தாட்சி இல்லை, விழுந்தது என்பதற்கும் இல்லை. விழாத ஏரிக்கு யாரைக் கேள்வி கேட்பது? பேராசிரியருக்கும் ஒரு குறையும் வரவில்லை. அடிப்படை அளவு இரண்டு என்றால் இனி இரண்டரை வந்தாலும் முன்னேற்றம்தானே. சுவரொட்டியைக் கழற்றிவிட்டு வேறு ஒட்டினார்கள்.

அவளை வேலையைவிட்டு எடுக்கவில்லை. எடுத்தால் படகில் யார் போவது? புதுத் தொடரின் முதல் பாட்டிலையும் அவள்தான் எடுத்தாள். அதிகாரியின் ஆள் ஒருவர் கூடவே உட்கார்ந்து ஒவ்வொன்றையும் படம் பிடித்தார். குமிழி இல்லாமல் மூடினாள், மருந்து விட்டாள், பத்து முறை திருப்பினாள். ஒன்று புள்ளி எட்டு. புதுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அவளே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பழைய பதினொன்றும் சாக்கில் கட்டப்பட்டுப் பழைய தாள்களோடு போனபோது அவள் கீழே நின்று பார்த்தாள். கண் நனையவில்லை. இந்த ஏரிக்காகத் தான் செய்ததிலேயே பெரிய கெடுதல் உண்மையைச் சொன்னதுதானோ என்று அன்றைக்கு முழுக்க நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது.

மூன்று வருடம் ஓடிவிட்டது. சோடாபுட்டி இப்போது அதே துறையில் விரிவுரையாளர். அன்றைக்கு முதலாண்டு மாணவர்கள் முப்பது பேரை ஏரிக்கு அழைத்து வந்திருந்தாள். கரையில் வரிசையாக நிறுத்தி, உரக்க, தெளிவாகப் பாடம் நடத்தினாள். பாட்டில் அக்கா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“எழுதிக்கோங்க. இந்த ஏரியோட இயல்பு அளவு ஒண்ணு புள்ளி எட்டு. இப்ப ரெண்டு புள்ளி ஒண்ணு. மூணே வருஷத்துல நல்ல முன்னேற்றம்.”

எல்லாரும் குனிந்து எழுதினார்கள். ஒரு பெண் மட்டும் வரிசையை விட்டு நழுவிப் பாட்டில் அக்காவிடம் வந்தாள்.

“அக்கா, நீங்க ரொம்ப வருஷமா இங்க இருக்கீங்களாமே. முன்னாடியும் இப்படித்தான் இருந்துச்சா?”

சோடாபுட்டியின் குரல் நின்றுவிட்டது. அவள் இந்தப் பக்கம் பார்க்கிறாள் என்பது தெரிந்தது.

“எட்டு இருந்துச்சும்மா. நான் வந்த வருஷம் எட்டு.”

அந்தப் பெண்ணின் கண் விரிந்தது. பரபரப்பாக நோட்டைத் திருப்பி, எட்டு என்று எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

“இதுக்கு ரெக்கார்டு எங்கக்கா இருக்கு? எதுல பாத்தேன்னு போடணும், இல்லன்னா மேடம் ஒத்துக்க மாட்டாங்க.”

“ரெக்கார்டு இல்லம்மா.”

“ஒண்ணுமே இல்லையா?”

“இல்ல.”

அந்தப் பெண் நோட்டைப் பார்த்தாள். பிறகு சங்கடத்தோடு சிரித்து, “பரவால்லக்கா” என்று சொல்லிவிட்டு, எட்டின் மேல் ஒரு கோடு போட்டு அடித்தாள்.